குழந்தைக்கு உடம்புல தடிப்பு வந்தா முதல்ல தேதியைக் குறிச்சு வைங்க: அம்மை வகைகளும், மாசமா இருக்கிறவங்க பார்க்க வேண்டியதும்

குழந்தை உடம்புல செவப்பா ஏதாச்சும் தெரிஞ்ச உடனே எல்லாரும் கேக்குறது "இது என்ன அம்மை?"ன்னு தான். பேரை அப்புறம் கண்டுபிடிச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்க்கணும், ஒண்ணு குழந்தை இப்போ ஆபத்துல இருக்கா, ரெண்டாவது கடந்த ஒரு வாரத்துல இந்தக் குழந்தை பக்கத்துல மாசமா இருக்கிற யாராச்சும் இருந்தாங்களா. இந்த ரெண்டாவது கேள்வியை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. குழந்தைக்கு மூணு நாள்ல தானா சரியாப் போற ஒரு லேசான தடிப்பு, வயித்துல இருக்கிற இன்னொரு குழந்தையோட கண்ணு, காது, இதயம் எல்லாத்தையும் கெடுக்கக்கூடியதா இருக்கலாம், வெளிய பார்த்தா அது தெரியவே தெரியாது. அதனால தான் ரெண்டையும் சேர்த்து எழுதுறேன்.

ஒரு பேப்பர் எடுத்து மூணு விஷயம் தேதியோட எழுதிக்கோங்க. ஜுரம் என்னிக்கு ஆரம்பிச்சுது, தடிப்பு என்னிக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு வாரத்துல யார் யார் கூட குழந்தை இருந்துச்சு. போட்டோ எடுக்கிறதா இருந்தா பகல் வெளிச்சத்துல எடுங்க, டியூப் லைட்ல எல்லாமே வேற நிறமா தெரியும். பின்னாடி டாக்டர் எடுக்குற முடிவுல பாதிக்கு மேல இந்தத் தேதிகளை வச்சுத் தான் இருக்கும், ஏன்னு கீழ போகப் போக புரியும்.

முதல்ல ஆபத்து இருக்கான்னு

ஒரு கண்ணாடி டம்ளரோட பக்கவாட்டை அந்தப் புள்ளி மேல அழுத்திப் பாருங்க. அழுத்தும்போது நிறம் மறைஞ்சா பெரும்பாலும் சாதாரண தடிப்பு. அழுத்தியும் மறையாம கருஞ்சிவப்பாவோ ஊதாவாவோ அப்படியே நின்னா தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம், கூட ஜுரமும் இருந்தா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, மெனிங்கோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா ரத்தத்துல பரவினா சில மணி நேரத்துல நிலைமை கைமீறிப் போயிடும். இந்த நோய்லயும் ஆரம்பத்துல அழுத்தினா மறையுற தடிப்பா இருக்கலாம், அதனால டம்ளரை மட்டும் நம்பாம குழந்தையைப் பாருங்க. எழுப்பினாலும் சரியா முழிக்கல, மூச்சு வாங்குது, கழுத்தை வளைக்க முடியல, வெளிச்சத்தைப் பார்த்தா அழுது, ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, வலிப்பு வந்துச்சு, இதுல எது இருந்தாலும் தடிப்பு எப்படி இருக்குங்கிறதைப் பத்தி யோசிக்காம கிளம்பணும். மூணு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே டாக்டரைப் பார்க்கணும், தடிப்பு இருந்தாலும் இல்லாட்டியும்.

இன்னொண்ணு, புத்தகத்துல இருக்கிற போட்டோ நிறைய வெள்ளைத் தோல்ல எடுத்தது. நம்ம மாதிரி மாநிறம், கருப்புத் தோல்ல செவப்பு அப்படித் தெரியாது, சுத்தி இருக்கிற தோலை விட கொஞ்சம் கருத்தோ பழுப்பாவோ தான் தெரியும், இல்லாட்டி கையால தடவினா சொரசொரன்னு மட்டும் இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையோட உள்பக்கம், வாய்க்குள்ள மேல் அண்ணம் இங்கெல்லாம் பார்த்தா நிறம் தெளிவா தெரியும்.

எந்த வரிசையில வந்துச்சுன்னு பாருங்க

தட்டம்மைன்னா முதல் மூணு நாலு நாளைக்குத் தடிப்பே இருக்காது. நல்ல ஜுரம், இருமல், மூக்கு ஒழுகல், கண்ணு செவந்து தண்ணி வடியுறது, பார்க்க சளி ஜுரம் மாதிரியே இருக்கும், குழந்தை ரொம்ப சோர்ந்து சிடுசிடுன்னு இருக்கும். அந்த நேரத்துல கன்னத்தோட உள்பக்கம், கடவாய்ப்பல்லுக்கு எதிர்ல உப்புத்தூள் தூவின மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியலாம், கோப்ளிக் புள்ளின்னு பேரு. அப்புறம் தான் காதுக்குப் பின்னாடியும் நெத்தி முடி ஓரத்துலயும் தடிப்பு ஆரம்பிச்சு முகம், நெஞ்சு, கை, கால்னு மேலேருந்து கீழே இறங்கும். தடிப்பு வரதுக்கு 4 நாள் முன்னாடியிலேருந்து வந்து 4 நாள் வரைக்கும் இது பரவும், அந்தக் குழந்தை ஒரு ரூமை விட்டுப் போனதுக்கப்புறமும் 2 மணி நேரம் வரைக்கும் காத்துல வைரஸ் இருக்கும், எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க 10 பேர் பக்கத்துல இருந்தா 9 பேருக்கு வந்துடும். அதனால தட்டம்மைன்னு சந்தேகம் இருந்தா க்ளினிக்குக்கு முதல்ல போன் பண்ணிட்டுப் போங்க. வெயிட்டிங் ரூம்ல மாசமா இருக்கிறவங்களும் கைக்குழந்தையும் உக்காந்திருப்பாங்க.

தட்டம்மையை சின்ன நோயா நினைக்கிறது தான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். நிமோனியா, பேதி, காதுல சீழ், சுமார் 1000-ல ஒருத்தருக்கு மூளைக் காய்ச்சல்னு வரிசையா இருக்கு, சரியானதுக்கு அப்புறமும் பல மாசத்துக்கு மத்த கிருமிகளை எதிர்க்கிற சக்தி குறைஞ்சு போகுது. வைரஸை நேரடியாக் கொல்ற மருந்துன்னு ஒண்ணு நடைமுறையில இல்ல, ஆனா வைட்டமின் ஏ பெரிய உதவி பண்ணும், அடுத்தடுத்து ரெண்டு நாள் ரெண்டு டோஸ், ஒரு வயசுக்கு மேல 2 லட்சம் யூனிட், 6 மாசத்துலேருந்து 11 மாசம் வரைக்கும் 1 லட்சம், அதுக்குக் கீழ 50,000. இதை டாக்டர் தான் கொடுக்கணும், வீட்ல நாமளா வாங்கிக் கொடுத்தா அளவு மீறி விஷமாயிடும். வீட்ல தடுப்பூசி போடாத இன்னொரு குழந்தை இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா நோயைத் தடுக்க வாய்ப்பு இருக்கு, ஊசி போட முடியாத சின்னக் குழந்தைக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும் 6 நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின், அதாவது தயாரான எதிர்ப்புப் புரதம் இருக்கிற ஊசி, கொடுக்கலாம். இப்போ புரியுதா தேதி ஏன் முக்கியம்னு.

ரூபெல்லா இதுக்கு நேர் எதிர். லேசான ஜுரம், காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் நெறி கட்டும், முகத்துல ஆரம்பிச்ச தடிப்பு ஒரே நாள்ல உடம்பு முழுக்கப் பரவி மூணு நாள்ல மறைஞ்சிடும், குழந்தை விளையாடிக்கிட்டே இருக்கும். நிறைய பேருக்கு தடிப்பே வராது. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, பெத்தவங்களும் மறந்துடுவாங்க. கர்ப்பத்துல இது என்ன பண்ணும்னு கீழ சொல்றேன்.

சின்னம்மை கண்டுபிடிக்க சுலபம். செவப்புப் புள்ளி, தண்ணி கோத்த கொப்புளம், காஞ்ச பொருக்கு, மூணும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கும், உடம்புல அதிகம், கை கால்ல குறைவு, தலை முடிக்குள்ள, வாய்க்குள்ள கூட வரும், அரிப்பு தாங்காது. தொத்திக்கிட்டதுலேருந்து 10 முதல் 21 நாளுக்குள்ள தெரியும், புள்ளி வரதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியிலேருந்து எல்லாம் பொருக்கு கட்டுற வரைக்கும் பரவும். தினமும் வெதுவெதுப்பான தண்ணியில குளிக்க வைங்க, தேய்க்காம ஒத்தி எடுங்க, நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க, பருத்தித் துணி போடுங்க, அரிப்புக்கு காலமைன் லோஷன் தடவலாம், ராத்திரி தூங்கவே முடியலன்னா அரிப்பு மருந்து டாக்டர்கிட்ட கேளுங்க. ஜுரத்துக்கு பாராசிட்டமால், கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ரேய் சின்ட்ரோம்னு ஈரலையும் மூளையையும் தாக்குற நிலை வரலாம். ஐபுப்ரோஃபெனும் சின்னம்மையில வேண்டாம், தோல்ல பாக்டீரியா ஆழமாப் பரவுறதோட அது சம்பந்தப்பட்டிருக்கு. நாலு நாள் கழிச்சு திரும்ப ஜுரம் ஏறினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுத்தி மட்டும் சூடா வீங்கி வலிச்சாலோ மறுபடி காட்டுங்க.

ரோசியோலா 6 மாசத்துலேருந்து 2 வயசுக்குள்ள வரும். மூணு நாள் கடுமையான ஜுரம், வேற ஒரு அறிகுறியும் இருக்காது, ஜுரம் விட்ட அன்னிக்கே நெஞ்சுலயும் முதுகுலயும் ரோஸ் கலர்ல புள்ளி வரும். புள்ளியைப் பார்த்து பயப்படுறாங்க, உண்மையில அது வந்துச்சுன்னா நோய் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். நடுவுல எதுக்காச்சும் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தா மருந்து அலர்ஜின்னு தப்பா எழுதிடுவாங்க, அதனால தான் ஜுரம் விட்ட தேதியும் குறிச்சு வைக்கணும்.

கை கால் வாய் நோய்னா வாய்ப்புண், உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் இங்கெல்லாம் சின்னக் கொப்புளம். இதுல உண்மையான பிரச்சனை குழந்தை வலியால தண்ணி குடிக்காம விடுறது தான், ஆறின பானம் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுங்க, காரம் புளிப்பு வேண்டாம். வைரஸ் மலத்துல பல வாரம் வரும், டயப்பர் மாத்தின உடனே சோப்பு போட்டு கை கழுவுங்க. சில வாரம் கழிச்சு நகம் உரிஞ்சு வந்தா பதறாதீங்க, புதுசா முளைச்சிடும்.

பார்வோ வைரஸ் பி19 வந்தா ரெண்டு கன்னமும் அறை வாங்கின மாதிரி செவக்கும், அப்புறம் கை கால்ல வலை பின்னின மாதிரி தடிப்பு, வெயில்ல போனா, சூடு பட்டா திரும்பத் திரும்பத் தெரியும். கன்னம் செவக்கிற நேரத்துல பரவுற காலம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், அதனால அப்போ தனியா வச்சுப் பெருசா பிரயோஜனம் இல்ல, முந்தின வாரம் யார் கூட இருந்துச்சுங்கிறது தான் கேள்வி. சிக்கிள் செல், தலசீமியா மாதிரி ரத்த நோய் இருக்கிற குழந்தைக்கு இது வந்தா ரத்தம் திடீர்னு குறையும், உடனே காட்டணும்.

ரெண்டு நோய்க்கு மட்டும் சிகிச்சை தள்ளிப் போடக் கூடாது. ஸ்கார்லெட் ஃபீவர்ல தொண்டை வலி, ஜுரம், தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, நாக்கு செவந்து மொட்டு மொட்டா இருக்கும், இது பாக்டீரியா, பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் முழு கோர்ஸ் கொடுக்கணும், பாதியில நிறுத்தினா பின்னாடி ருமாட்டிக் ஃபீவர்னு இதய வால்வு வரைக்கும் போகலாம். இன்னொண்ணு கவாசாகி நோய், இது தொத்தாது. 5 நாளா விடாத ஜுரம், சீழ் இல்லாம செவந்த கண்ணு, வெடிச்ச உதடு, வீங்கின கை கால், தடிப்பு, கழுத்துல நெறி. எல்லாம் ஒரே நாள்ல இருக்கணும்னு இல்ல, வந்து வந்து போகும், அதனால தினமும் என்ன இருந்துச்சுன்னு எழுதி வைங்க. ஜுரம் ஆரம்பிச்சு 10 நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின் கொடுத்தா இதய ரத்தக் குழாய் வீங்குறதை பெரும்பாலும் தடுத்துடலாம்.

வேர்க்குரு, அலர்ஜி தடிப்பு இதெல்லாம் ஜுரம் இல்லாம வரும், இடம் மாறி மாறி ஒரு நாளைக்குள்ள மறையுற தடிப்பு பெரும்பாலும் அலர்ஜி தான், உதடு வீங்கி மூச்சு திணறினா மட்டும் ஓடணும். எது எப்படி இருந்தாலும் மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கித் தடவாதீங்க.

மாசமா இருக்கிறவங்க பக்கத்துல இருந்திருந்தா

1941-ல நார்மன் கிரெக்னு ஒரு ஆஸ்திரேலிய கண் டாக்டர், பிறவியிலேயே கண்புரையோட நிறைய குழந்தைங்க வர்றதைக் கவனிச்சு, அம்மாக்களுக்கு கர்ப்ப ஆரம்பத்துல ரூபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடிச்சு சொன்னார். அதுக்கு அப்புறமும் தடுப்பூசி வர பல வருஷம் ஆச்சு, 1964-65-ல அமெரிக்காவுல பரவினப்போ சுமார் 20,000 குழந்தைங்க பிறவி ரூபெல்லாவோட பிறந்தாங்க. தடுப்பூசி 1969-ல அங்க வந்துச்சு, 2015-ல அமெரிக்க கண்டங்கள் முழுக்க ரூபெல்லா பரவல் ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. இவ்வளவு முழுசா தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு இன்னும் எங்கயாச்சும் ஒரு குழந்தை காது கேக்காம பிறக்குதுன்னா அது நடந்திருக்கவே வேண்டாம்.

முதல் 12 வாரத்துக்குள்ள ரூபெல்லா வந்தா 10-ல 8, 9 குழந்தைங்க வரைக்கும் பாதிப்பு இருக்கலாம், 20 வாரத்துக்கு அப்புறம் அது ரொம்ப அபூர்வம். ஒரே நோய் தான், எந்த வாரம்ங்கிறதுல எல்லாம் மாறுது. அதனால தொடர்பு இருந்தா தடிப்பு வருதான்னு காத்திருக்காம அந்த வாரமே டாக்டர்கிட்ட சொல்லி ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. முன்னாடியே எதிர்ப்பு சக்தி இருக்குன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கலாம், இல்லாட்டி சில வாரம் கழிச்சு திரும்ப ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.

சின்னம்மையில கணக்கு வேற. ஒரே ரூம்ல 15 நிமிஷம் இருந்தாலோ நேருக்கு நேர் பேசினாலோ அது தொடர்பு தான். சின்ன வயசுல சின்னம்மை வந்திருந்தா அல்லது ரெண்டு டோஸ் ஊசி போட்டிருந்தா பயம் இல்ல. தெரியலன்னா ரத்தத்துல பார்க்கணும், சக்தி இல்லன்னா 10 நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலினோ வைரஸை எதிர்க்கிற மாத்திரையோ கொடுப்பாங்க. 20 வாரத்துக்கு முன்னாடி வந்தாலும் குழந்தைக்குப் பிறவிக் குறை வர வாய்ப்பு 100-ல 1 அல்லது 2 தான், அம்மாவுக்கு நிமோனியா வர்றது தான் அதிக கவலை, மூச்சு வாங்கினா அன்னிக்கே ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு 5 நாள் முன்னாடியிலேருந்து 2 நாள் பின்னாடி வரைக்குள்ள அம்மாவுக்கு புள்ளி வந்தா பிறந்த குழந்தைக்கு ரொம்ப கடுமையா இருக்கும், ஏன்னா அம்மாகிட்டேருந்து எதிர்ப்பு சக்தி போய்ச் சேர நேரமே இல்ல.

பார்வோ வைரஸ் உறுப்புக் குறை உண்டாக்காது, வயித்துக் குழந்தையோட ரத்த உற்பத்தியை நிறுத்திடும், அதனால ரத்தசோகை, உடம்புல நீர் கோக்குறது. முக்கியமா 20 வாரத்துக்கு முன்னாடி தொத்தினா. பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கும், ரத்த டெஸ்ட்ல தெரியும், புதுசா தொத்தியிருந்தா 8 முதல் 12 வாரம் வரைக்கும் ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஸ்கேன் பார்ப்பாங்க, தேவைப்பட்டா வயித்துல இருக்கும்போதே குழந்தைக்கு ரத்தம் ஏத்த முடியும்.

தடிப்பே இல்லாம வர்றது தான் ரொம்ப அதிகம். சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சிஎம்வி, ஏறக்குறைய 200 குழந்தைக்கு ஒரு குழந்தை இதோட பிறக்குது, பேர் கூட பல பேருக்குத் தெரியாது. சின்னக் குழந்தைங்களோட எச்சிலும் ஒண்ணுக்கும் தான் வழி. முதல் குழந்தை வீட்ல தவழ்ந்துகிட்டு இருக்கும்போது ரெண்டாவது கர்ப்பமா இருக்கிறவங்க இதைக் கண்டிப்பா தெரிஞ்சிக்கணும்: குழந்தை சாப்பிட்ட ஸ்பூனை வாயில வைக்காதீங்க, மிச்சத்தைச் சாப்பிடாதீங்க, உதட்டுல முத்தம் வேண்டாம், நெத்தியில கொடுங்க, டயப்பர் மாத்தினா, மூக்கு துடைச்சா கை கழுவுங்க. குழந்தையைத் தள்ளி வைக்கணும்னு இல்ல, கட்டிப் பிடிக்கலாம், தூக்கலாம்.

டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி பூனை மலத்துலயும் மண்ணுலயும் சரியா வேகாத கறியிலயும் இருக்கு. பூனையை விரட்ட வேண்டாம், அதோட மலம் தொத்துற நிலைக்கு வர ஒரு நாளாச்சும் ஆகும், அதனால தினமும் வேற ஒருத்தர் சுத்தம் பண்ணினா போதும், தோட்ட வேலைக்கு கையுறை போடுங்க, கறியை நல்லா வேக வைங்க. உடலுறவு மூலமா தொத்துற சிஃபிலிஸ்க்கு முதல் செக்கப்லயே ரத்த டெஸ்ட் கண்டிப்பா எடுங்க, கூச்சப்பட வேண்டியது ஒண்ணுமே இல்ல, பென்சிலின் ஊசியை நேரத்தோட போட்டா குழந்தையைக் காப்பாத்திடலாம். கடைசி மாசத்துல பிறப்புறுப்புல முதல் தடவையா ஹெர்பிஸ் புண் வந்தா மறைக்காம சொல்லிடுங்க, சிசேரியன் பண்ண வேண்டி வரலாம். உதட்டுல புண் இருக்கிற யாரும் பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, பாட்டியா இருந்தாலும் சரி.

டார்ச் ரிப்போர்ட்டைப் பார்த்து அழாதீங்க

டார்ச்ங்கிறது டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சிஎம்வி, ஹெர்பிஸ் மாதிரி தொத்துகளை ஒண்ணா பார்க்கிற ரத்த டெஸ்ட். அதுல ஐஜிஜி, ஐஜிஎம்னு ரெண்டு வகை எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பாங்க. ஐஜிஜி பாசிட்டிவ்னா எப்பவோ தொத்தி அல்லது ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி இருக்குன்னு மட்டும் தான் அர்த்தம், ரூபெல்லாவுலயும் சின்னம்மையிலயும் அது நல்ல செய்தி. ஐஜிஎம் பாசிட்டிவ்னா புதுசா இருக்கலாம், ஆனா பல மாசம் அப்படியே நிக்கிறதும் உண்டு, தப்பா பாசிட்டிவ் காட்டுறதும் உண்டு. அதை மட்டும் வச்சு கர்ப்பத்தைக் கலைக்கிற முடிவு எடுக்கவே கூடாது, தொத்து புதுசா பழசான்னு காட்டுற ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட், ரெண்டாவது ரத்த மாதிரி, ஸ்கேன், தேவைப்பட்டா பனிக்குட நீர் பரிசோதனைன்னு அடுத்த படி எல்லாம் இருக்கு. ஒரு காரணமும் இல்லாம எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எழுதுறதும் எனக்குச் சரியா படல, அதனால கிடைக்கிறது பெரும்பாலும் பயம் தான்.

இதை விட நல்ல வழி கர்ப்பத்துக்கு முன்னாடி தயாராகுறது. ரூபெல்லா, சின்னம்மை எதிர்ப்பு சக்தி இல்லன்னா ஊசி போட்டுட்டு ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. ரெண்டும் உயிருள்ள வைரஸ் ஊசி, கர்ப்பத்துல போட மாட்டாங்க, தெரியாம போட்டுட்டாலும் அதுக்காக கலைக்க வேண்டியதில்ல. கர்ப்பத்துல சக்தி இல்லன்னு தெரிஞ்சா பிரசவம் முடிஞ்ச உடனே போடலாம், தாய்ப்பால் கொடுத்தாலும் பரவாயில்ல. வீட்ல இருக்கிற பெரிய குழந்தைக்கு தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டா மாசமா இருக்கிற அம்மாவுக்குத் தொத்திடுமோன்னு கேக்குறாங்க, தொத்தாது, தள்ளிப் போடாதீங்க.

பிறந்ததுக்கு அப்புறம்

பிறந்த ரெண்டு மூணு நாள்ல வர்ற செவப்புத் திட்டும் நடுவுல மஞ்சள் புள்ளியும் பாதிக்குப் பாதி குழந்தைங்களுக்கு வரும், தானா போயிடும். தண்ணி கோத்த கொப்புளம் கொத்தா வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்ல தோல் உரிஞ்சாலோ, அழுத்தினா மறையாத ஊதாப் புள்ளி இருந்தாலோ, மஞ்சள் காமாலை, சின்னத் தலை, கண்ணு நடுவுல இருக்கிற கருமணி வெள்ளையா தெரிஞ்சாலோ அன்னிக்கே காட்டணும். பிறவி ரூபெல்லா இருக்கிற குழந்தை ஒரு வருஷம் வரைக்கும் வைரஸை வெளியேத்தலாம், பார்க்க வர்ற மாசமா இருக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

பிறந்த குழந்தை முதல் காது டெஸ்ட்ல தேறலன்னா சிஎம்வி இருக்கான்னு எச்சிலோ ஒண்ணுக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க, அதுவும் 21 நாளுக்குள்ள. அதுக்கு மேல போனா பிறவியிலேயே வந்ததா, பிறந்ததுக்கு அப்புறம் தொத்தினதான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். சிகிச்சை தேவைப்படுற குழந்தைக்கு வால்கான்சைக்ளோவிர் மருந்தை முதல் மாசத்துக்குள்ள ஆரம்பிச்சு 6 மாசம் கொடுக்கிறாங்க, கேக்குற திறனைக் காப்பாத்த அது உதவுது. சிஎம்வி உறுதியாகி முதல் டெஸ்ட்ல காது நல்லா இருந்தாலும் விட்டுடாதீங்க, பின்னாடி மெதுவா குறையுறதும் உண்டு, பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் டாக்டர் சொல்ற இடைவெளியில திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க.